சின்ன எச், பெரிய எச்

பாதி வரியில் எழுந்து போன என் செல்ல அண்ணாவுக்கு,

நேற்று உன் முதல் திதி முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. வாழைக்காய்க் கறியை எல்லோரும் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். உன்னைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உன்னைப் பற்றி ஆரம்பித்தால் நான் செய்ததில் போய் முடியும் என்ற பயம். அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்றுகூட எனக்குச் சோறு வேண்டுமா என்று பக்கத்து இலையில் இருந்தவரைத்தான் கேட்டாள்.

இறந்தவனைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நான் சொன்ன எதையும் நீ காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது எதிர்த்துப் பேச உனக்கு வழியில்லை. இப்படி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா?

நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தக் கடிதத்தை உன் தோளுக்குப் பின்னால் நின்று வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். அதுவரை நீ கொட்டாவி விட்டுக்கொண்டு இரு.

அப்பா விட்டுப் போன விஜயநகர் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நீ ஊருக்கெல்லாம் புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடித்தேன். சரஸ்வதிபுரத்தில் அனந்து மாமா நடத்திய வரன் பார்க்கும் மையத்துக்கும் நீதான் எழுதினாய், பாஸ்கல் மொழியில். மைசூர்த் தமிழ்க் குடும்பங்களின் பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அனந்து மாமாவுக்குக் கன்னடம்தான் நாக்கில் நிற்கும் என்பதால் பெண்ணுக்கு ‘ஹெண்ணு’ என்றும் மாப்பிள்ளைக்குக் ‘கண்டு’ என்றும் பெயர் வைத்தாய். கண்டு என்றால் தமிழில் ‘பார்த்து’ என்று அர்த்தம் வருகிறதே என்றேன். பார்த்துத்தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் காட்டினாய்.

ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ‘ஜோடி’ என்று ஒரு பெட்டி. நிச்சயம் ஆகும்வரை அது காலி. நிச்சயம் ஆனதும் அவன் பெட்டியில் அவள் இருக்கும் இடத்துக்கு வழி, அவள் பெட்டியில் அவன் இருக்கும் இடத்துக்கு வழி. ஜோடிப் பெட்டி நிரம்பியவர்கள் வரன் பட்டியலில் வர மாட்டார்கள். இவ்வளவுதான் சமாசாரம். யாரையாவது நீக்கினால், முதலில் அவர்களுடைய ஜோடியிடம் போய் அந்தப் பெட்டியைத் துடைத்துவிட்டு, பிறகுதான் இவரை அழிக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு நீ ‘பிரி’ என்று பெயர் வைத்திருந்தாய்.

அந்தப் பட்டியலிலிருந்தே நீ சாமராஜநகர்க் கோமளாவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாய். பரிமாற வந்தவன் முதல் இலையில் உட்கார்ந்த மாதிரி. நிச்சயம் ஆன அன்று சாயங்காலமே அனந்து மாமாவின் அறைக்குப் போய், உங்கள் இரண்டு பேரையும் நீயே சேர்த்தாய். செய்வதற்கு முன் அது வழக்கம் போலக் கேட்டது, ஆங்கில எழுத்தில் தமிழில்: ‘நிச்சயமா?’ நீக்குவதானாலும் சேர்ப்பதானாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கேள்விதான். நிச்சயத்துக்கு நிச்சயமா என்று கேட்கும் புரோகிராம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பெருமை வேறு.

அப்புறம் வந்தது வினை. அமெரிக்காவிலிருந்து வந்த அனந்து மாமாவின் தங்கை மகன், "பாஸ்கலா, இன்னுமா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், மாமாவுக்கு எல்லாம் சி மொழியில் வேண்டும். நீயும் ஒரு புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மாற்ற உட்கார்ந்தாய்.

முதல் நாளே முட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? பாஸ்கலில் கண்டுவுக்குள் ஹெண்ணுவைப் பற்றிச் சொல்லலாம், ஹெண்ணு யார் என்று அந்தப் பத்தி முடிவதற்குள் சொன்னால் போதும். சி மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிற ஜாதி. தெரியாத பெயர் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். கண்டுவை முதலில் எழுதினால் ‘ஹெண்ணு யார்?’ என்றது. ஹெண்ணுவை முதலில் எழுதினால் ‘கண்டு யார்?’ என்றது. நீ என்ன செய்தாய் தெரியுமா? வழி மட்டும் போதும் என்பதை மறந்து, கண்டுவுக்குள் ஹெண்ணுவை முழுசாகவே வைத்தாய், ஹெண்ணுவுக்குள் கண்டுவை முழுசாக வைத்தாய்.

"உனக்குள்ள அவ, அவளுக்குள்ள நீ, உனக்குள்ள மறுபடியும் அவ. இதுக்கு எவ்ளோ இடம் வேணும்னு அது எப்டிண்ணா சொல்லும்?" என்றேன்.

"லவ்வுக்கு இடம் பத்தாதும்மா" என்றாய். அன்றைக்கே உன்னைக் கொன்றிருக்கலாம்.

பிறகு புத்தகத்தைப் புரட்டி வழியைக் கண்டுபிடித்தாய். உச்சியில் ஒரு வரி: ஹெண்ணு என்று ஒருத்தி இருக்கிறாள், விவரம் பின்னால் வரும். அதற்குப் பிறகு கண்டுவை எழுதலாம். அவளைக் கை காட்டலாம், ஆனால் அவள் விவரம் வரும்வரை உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

"இது நிச்சயதார்த்தம் மாதிரிதாண்டீ சாரு. பேரு மட்டும் சொல்லி வெச்சாச்சு. ஆள அப்பறம்தான் பாக்கணும்" என்று குதித்தாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது, நீ சாமராஜநகருக்குக் கிளம்பப் போகிறாய் என்று.

ஒரு சனிக்கிழமை காலை அவசர அவசரமாக மிச்சத்தை முடித்து, புரோகிராம் இருந்த பிளாப்பியை அனந்து மாமாவிடம் "சும்மா போட்டுப் பாருங்கோ" என்று கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோமளாவைப் பார்க்கப் போனாய். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தாய். திரும்பி வரும்போது நஞ்சன்கூடு ரோட்டில் லாரி.

அவளைப் பார்க்கப் போனதால்தான் போனாய் என்று பதிமூன்று நாளும் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா முதலில் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவளும் பிடித்துக்கொண்டாள். கோமளாவின் அப்பா துக்கம் கேட்க வந்தபோது அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நிச்சயம் ஆன பெண், கல்யாணம் ஆகாத பெண், ராசியில்லாத பெண். அவளுக்கு இத்தனை பட்டம் வாங்கிக் கொடுத்தவன் நீதான், படத்தில் சந்தனப் பொட்டோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு இருந்தாய்.

பதிமூன்று கழிந்ததும் அனந்து மாமா ஒரு மரியாதை செய்தார். சுப காரியப் பட்டியலில் செத்தவன் பெயர் இருக்கக் கூடாது என்று, நீ பார்க்கக் கொடுத்த புதிய புரோகிராமிலேயே உன்னை நீக்கினார். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றார். நீ போய்விட்டாய். கோமளாவின் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

சில மாதம் பொறுத்து அவளும் அவள் அப்பாவும் மைசூருக்கு பஸ் ஏறி வந்தார்கள். அவளை மறுபடி பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்க. நானும் அன்று அங்கே இருந்தேன். அனந்து மாமா அவள் பெயரைத் தட்டினார். ஊர், நட்சத்திரம், படிப்பு, உயரம், எல்லாம் வரிசையாக வந்தன. ஜோடி என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. சின்னச் சின்ன வட்ட முகங்கள், வாய் விரியச் சிரித்துக்கொண்டு. நடுநடுவே சீட்டுக்கட்டில் வரும் ஆர்ட்டின் மாதிரி இதயங்கள்.

எனக்கு அது என்னவென்று தெரியும். அவள் பெட்டி நீ இருந்த இடத்தைக் காட்டியது. அந்த இடத்தில் நீ இல்லை, ஏதோ குப்பை கிடந்தது. டாஸ் கம்ப்யூட்டரில் அந்தக் குப்பையை எழுத்தாகக் காட்டச் சொன்னால் அது சிரிக்கும், இதயம் காட்டும். வேறு ஒரு மண்ணும் இல்லை. ஆனால் கோமளாவின் அப்பாவுக்கு அது தெரியாது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"நோடி ஸ்வாமி, மாப்ளெ இன்னும் விட மாட்டேங்கறார்" என்று அனந்து மாமா சிரித்தார். சும்மா தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தமாஷ் அன்றைக்கே சரஸ்வதிபுரம் தாண்டி, விஜயநகர் வந்து, பஸ் ஏறி சாமராஜநகரும் போய்விட்டது. செத்தவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறானாம், நிச்சயம் ஆனவளை விட மாட்டேன் என்கிறானாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யார் கேட்பார்கள்? பட்டியலிலும் அவள் வரவில்லை. ஜோடி இருக்கிறவள் அல்லவா, புரோகிராம் தள்ளிவிட்டது.

அம்மாவுக்கும் செய்தி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அனந்து மாமா கோமளாவின் பெயரைத் தட்டினார். அம்மா திரைக்கு முகத்தை ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ரகு சிரிக்கறாண்டீ" என்றாள். "அம்மா, அது வெறும் குப்பெ" என்றேன். "ஸும்னிரு, பேசாதெ. எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் போனாள். கம்ப்யூட்டரில் குப்பை ஒரே மாதிரி கிடப்பதில்லை, நாளுக்கு நாள் மாறும். முகம் நிறைய வந்த நாளில் "இன்னிக்கு நல்ல குஷி" என்பாள். குறைவாக வந்த நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டாள். ஒரு நாள் ஒரே ஒரு இதயம் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள், அது சந்தோஷ அழுகை. நீ போனதிலிருந்து அவள் அப்படி நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை. அவளுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டான். அந்தப் பிள்ளையை அவளுக்குக் காட்டுவதற்காகச் சாமராஜநகரில் ஒருத்தி கட்டிப்போடப்பட்டுக் கிடந்தாள், அவ்வளவுதான்.

நான் உன் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பிரி எங்கே போயிற்று என்று தேடினேன். இருந்தது. ஆனால் அந்தப் பகுதி முழுவதையும் குறி போட்டு முடக்கி, மேலே ‘நாளைக்கு’ என்று எழுதியிருந்தாய். ஏன் முடக்கினாய் என்று பார்க்க, குறியை எடுத்துவிட்டு ஓட்டினேன். சி மறுத்துவிட்டது. கண்டுவிடமிருந்து ஹெண்ணுவிடம் போகலாம், ஹெண்ணுவுக்குள் பார்க்க முடியாது, அவள் யார் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை என்றது. சொல்லியிருக்கிறாயே, கீழே முழு விவரமும் இருக்கிறதே என்று பார்த்தேன். பார்த்தால், அண்ணா, மேலே முன்னறிவிப்பில் ஹெண்ணுவின் முதல் எழுத்து சின்ன எச். கீழே விவரத்தில் பெரிய எச்.

பாஸ்கலுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. எத்தனை வருஷமாக அந்த மெத்தனத்தில் தட்டிய கை! சி மொழிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். பேர் சொல்லி வைத்த சின்ன எச் ஹெண்ணு கடைசிவரை வரவே இல்லை. வந்து நின்ற பெரிய எச் ஹெண்ணுவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கண்டுவையும் ஹெண்ணுவையும் சேர்க்கும் வரியில் சி சந்தேகம்கூடப் பட்டிருக்கிறது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று நீ விட்டுவிட்டாய். பிழை என்று சொன்ன இடத்தை நாளைக்கு என்று முடக்கினாய். உனக்கு பஸ்ஸா போய்விடும்? ஸ்கூட்டர்தானே? இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா? அந்தக் கால் மணி நேரத்தில் லாரியும் நஞ்சன்கூட்டைத் தாண்டிப் போயிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

திருத்துவதற்கு முன் கோமளாவைப் பார்க்கப் போனேன். அவள் அப்பா என்னை உள்ளே கூப்பிடவில்லை. அவள்தான் தெருமுனை வரை வந்தாள். அன்றைக்கு நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை இருந்தால் அந்த முகங்களுக்குப் பதிலாக அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீ குடிச்சோம். என்னமோ ஒரு வரிய முன்னாடியே எழுதி வெக்கணும், அப்பறம்தான் மத்ததுன்னு சொல்லிட்டே இருந்தாருங்க. எனக்கு ஒண்ணும் கொத்தாகல, புரியல. தலையாட்டினேன்."

"அப்பறம்?"

"அப்பறம் கௌம்பிட்டாரு." திரும்பிப் போக அடி எடுத்து வைத்தவள் நின்று சொன்னாள்: "தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு மொகம் எனக்கு ஞாபகமே இல்ல. யோசிச்சா அந்தக் கம்ப்யூட்டர் மொகம்தான் வருது."

கேட்டாயா? உனக்குக் கிடைத்த ஒரே ஒரு சந்திப்பில் அந்தப் பெண்ணிடம் சி இலக்கணம் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். நான் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சிரித்தேன். பிறகு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திருத்தம் ஒரே எழுத்துதான். மேலே இருந்த சின்ன எச்சைப் பெரிதாக்கினேன். ‘நாளைக்கு’ என்பதை எடுத்தேன். எச்சரிக்கையும் இல்லை, பிழையும் இல்லை. உன் புரோகிராம் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு ஓடியது.

அடுத்த வெள்ளி அம்மாவோடு நானும் போனேன். அனந்து மாமாவிடம் நாற்காலியை வாங்கிக்கொண்டேன். கோமளாவின் பெட்டியை நேரடியாகத் துடைத்திருக்கலாம். ஆனால் உன் பிரி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இனி சாகப்போகிற மாப்பிள்ளைகளுக்கும் அது வேண்டும் அல்லவா? சோதித்துப் பார்க்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

நீ காலி செய்த அதே இடத்தில் உன்னை மறுபடி தட்டினேன். பெயர், ஊர், நட்சத்திரம், படிப்பு. உயரம் என்று வந்தபோது கை நின்றது. அம்மாவைக் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். உன்னைக் கோமளாவோடு சேர்த்தேன். அவள் பெயரைத் தட்டியதும் முகங்கள் போய், ஜோடி என்ற இடத்தில் உன் பெயர் சுத்தமாக வந்து நின்றது. அம்மா விரலை நீட்டி அந்தப் பெயரைத் தொட்டாள்.

"வந்துட்டான்" என்றாள்.

"அம்மா, அவனெ நீக்கப் போறேன்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வெள்ளிக்கெழம ஒரு தடவெ. அதுக்குமா உனக்குப் பொறுக்கல?" என்றாள்.

"அந்தப் பொண்ணு, அம்மா..."

"அவ பொண்ணுன்னா இவன் யாரு?"

நான் நீக்கு என்பதை அழுத்தினேன். கீழே உன் கேள்வி வந்தது. நீ எழுதி, நீ ரசித்து, நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த கேள்வி. நிச்சயமா? அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பலமாக ஒன்றும் இல்லை, நாடி பார்க்கிற மாதிரிதான் பிடித்தாள். பிடியை உதற வேண்டிய அவசியமே வரவில்லை, விரல் எட்டும் தூரத்தில்தான் அந்த எழுத்து இருந்தது. ஆமாம் என்பதற்கான ஒய்யை அழுத்தினேன்.

பிரி நன்றாக வேலை செய்கிறது, அண்ணா. முதலில் அவளிடம் போயிற்று, பெட்டியைத் துடைத்தது, பிறகு உன்னிடம் வந்தது. கோமளாவின் பெயரைத் தட்டினால் ஜோடி காலி. பட்டியலைத் தட்டினால் அவள் பெயர் இருந்தது.

அம்மா கையை விட்டாள். எழுந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "அந்த லாரிக்காரனுக்காவது கண்ணு தெரியலெ" என்றாள். "நீ பாத்துட்டேதானேடீ பண்ணினே." அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இனி புதுச் செய்தி. கோமளாவுக்குக் கொள்ளேகாலில் பிள்ளை அமைந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார், பெண்ணை நேரில் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாராம். போன வாரம் அனந்து மாமா அவர்களைச் சேர்த்தார். கேள்வி வந்தபோது கோமளாவின் அப்பாவையே அழுத்தச் சொன்னாராம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு மாமி வந்தாள். அம்மா அனுப்பியிருக்கிறாள். திருத்துவதற்கு முந்தைய பழைய பிளாப்பி வீட்டில்தானே இருக்கிறது, அதை நம் முன்னறைக் கம்ப்யூட்டரில் போட்டு வெள்ளிக்கிழமை மட்டும் ரகுவைக் காட்டலாமே, அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று அம்மா கேட்கிறாளாம். கெடுதல் ஒன்றும் இல்லைதான். யாருக்கும் தெரியாது, கோமளாவுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிளாப்பியில் அவள் இன்னும் உனக்குக் கட்டுப்பட்டுத்தான் கிடக்கிறாள். அவளைக் கட்டினால்தான் நீ சிரிப்பாய். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே அம்மா அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அண்ணா. அம்மா அழுதாலும், பட்டினி கிடந்தாலும், சாகும் நேரத்தில் கேட்டாலும், அந்தச் சின்ன எச்சை நான் மறுபடி ஓட விட மாட்டேன். என்னை நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: நிச்சயமாக.

இப்படிக்கு,
லாரிக்கு அடுத்தபடியாக உன்னைக் கொன்ற,
உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
சாரு